ஓடைக்கரைப் புல்லும் ஒரு மொட்டைக் கடிதமும்

அன்பு மகளுக்கு, எங்கள் பாப்பாவுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மனசில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடு அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது, நீ அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறாள், தரைதான் தேய்கிறது, செருப்பு தேயவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன், அதாவது குழாய்க்காரர் வந்து நிறுத்தினார், நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். பயறு நன்றாகக் காய் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் அடித்தால் முதலில் எடுப்பது உன் அம்மா, அது என் கைக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். ஆனால் அது மட்டும் காரணமில்லை. இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். இங்கிருக்கும் மாவட்ட வேளாண்மை ஆபீசிலிருந்து உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஃபைல் சில வாரமாக மேசை மேசையாக நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம் இருக்கும். பார்த்ததும் அது யார் எழுத்து என்று உனக்குத் தெரிந்துவிடும், உன் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான்தானே. அந்த ஃபைல் உன் கண்ணில் படுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அம்மாவின் அப்பா தன் நிலத்தை இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தபோது ஓடையோரப் பாதி உன் சித்திக்கும் சாலையோரப் பாதி உன் அம்மாவுக்கும் வந்தது. அளவில் ஒரு அடி குறையில்லை, ஆனால் ஓடை ஓடைதான், சாலை சாலைதான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள், என் விஷயத்தில் அக்கரை நிஜமாகவே பச்சை. இருபத்தைந்து வருடமாக வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் துறை அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நானும் உன் சித்தப்பாவும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டோம். நிலத்தின் ஓரத்தில் எட்டடி அகலத்துக்கு விதைக்காமல் விட வேண்டும், அங்கே மருந்து அடிக்கக் கூடாது, குறித்த தேதி வரை புல்லை வெட்டக் கூடாது, பறவையும் வண்டும் தேனீயும் பிழைக்கட்டும், அவை பிழைத்தால் பயிரும் பிழைக்கும், விட்ட இடத்துக்கு ஈடாக மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். நான் சாலையோரம் எட்டடி விட்டேன், அவர் ஓடையோரம் எட்டடி விட்டார். உயிரினக் கணக்கெடுக்க ஒரு பெண் வருகிறாளே, கழுத்தில் பைனாகுலரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக, அவள் முதல் வருடம் அவர் பக்கத்தில் முப்பத்தொரு வகை எழுதினாள், என் பக்கத்தில் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்று தெருநாயோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அதன் பிறகு நீ எழுதிய கையேடு வந்தது. நான்காம் பக்கத்தில் உன் சித்தப்பா ஓடைக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார், கீழே அவர் வயலைப் பற்றி நீ எழுதிய மூன்று பத்திகள். ஒரே ஓர் இடத்தில் "பக்கத்து நிலம்" என்று வருகிறது, அது நான். உன் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பால் எடுக்கப் போனாலும் சித்தப்பா, தண்ணீர் எடுக்கப் போனாலும் சித்தப்பா. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ அவருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசுகிறாய், ஓடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, தவளை கத்துகிறதா, எந்தப் பூ முதலில் வந்தது என்று. என்னிடம் "மாத்திரை போட்டீங்களாப்பா" என்று கேட்கிறாய். போட்டேன் என்கிறேன். அதோடு நம் பேச்சு முடிந்தது. நானும் விவசாயிதானே பாப்பா. எனக்கு உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்கவே இத்தனை வயதாகியிருக்கிறது எனக்கு.

இந்த வருடம் ஓடையோரப் புல்லோடு பஞ்சு பறக்கும் அந்த முள்செடியும் சேர்ந்து இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பூ முற்றினால் பஞ்சு வெடித்து விதை பறக்கும், காற்று அந்தப் பக்கத்திலிருந்து நேராக என் பயற்றுக்குள்தான் அடிக்கும். நான் போய் உன் சித்தப்பாவிடம் அதை வெட்டிவிடச் சொன்னேன். "தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கேண்ணே, கையெழுத்துப் போட்டிருக்கோமே" என்றார். "என் பயறு வயல்ல களை முளைச்சா உன் கையெழுத்தா வந்து பிடுங்கும்" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், மறுநாள் காலையில் பார்த்தால் ஓடையோரம் ஒட்ட வெட்டிக் கிடந்தது. எனக்காகத்தான் வெட்டினார், அதில் சந்தேகமே இல்லை. பத்து நாள் கழித்து அந்த மொட்டைத் தரையில், கல்லோடு கல்லாக, ஒரு ஜோடி ஆள்காட்டி வந்து நான்கு முட்டை இட்டிருந்தது. ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுமே, அந்த ஆள்காட்டிதான். நம் பக்கத்தில் அது முட்டையிட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். உயரமான புல்லில் அது அண்டாதாம், எதிரி வருவதைப் பார்க்க வெட்டவெளி வேண்டுமாம், கணக்கெடுக்கும் பெண் சொன்னாள். அவள் தூரத்திலேயே குந்தி உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பூட்ஸோடு வந்து உன் சித்தி வீட்டுக் கூடத்தில் நின்றபடியே உனக்குப் போன் செய்தாள். நீ உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாய். என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது, உன் சித்தி வந்து அம்மாவிடம் சொன்னதுதான். "உங்களை நினைச்சா பெருமையா இருக்கு சித்தப்பா"ன்னு சொன்னாளாம் பாப்பா, இவருக்குக் கண்ணே கலங்கிடுச்சுக்கா, என்றாள். நான் அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியது.

அன்று மத்தியானமே விதை வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தராசுப் பலகையை மேசையாக்கி அந்தக் கடிதத்தை எழுதினேன். இன்ன சர்வே எண்ணில் இன்னார் திட்டத்தில் இருந்துகொண்டே தேதிக்கு இருபத்தோரு நாள் முன்னதாகப் புல்லை வெட்டியிருக்கிறார், அதிகாரிகள் கவனிக்க வேண்டும், இப்படிக்கு ஒரு விவசாயி. அதில் ஒரு சொல் பொய்யில்லை. யார் சொல்லி வெட்டினார் என்பதை மட்டும் எழுதவில்லை, முழுப் பூசணிக்காயை அந்த ஒரு இடத்தில்தான் மறைத்தேன். எழுத்தை மாற்றி எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு அவசரம். தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். என்ன ஆகும் என்று நினைத்தேன் தெரியுமா, ஓர் அதிகாரி வந்து அவரைக் கண்டித்துவிட்டுப் போவார், அடுத்த கையேட்டில் அவர் படம் வராது, அவ்வளவுதான். மறுநாள் வரப்பில் உன் சித்தப்பா என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, முட்டையைக் காட்டுறேன், பார்த்து நடங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான்கும் கூழாங்கல் மாதிரி இருந்தன, அவர் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் எனக்குக் கண்ணில் படக் கொஞ்ச நேரம் ஆனது. நல்லா இருக்கு தம்பி என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான், ஆனால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் வராது.

எட்டாம் நாள் நோட்டீஸ் வந்தது, எனக்கல்ல, அவருக்கு. நான் கண்டிப்பு என்று நினைத்தது அதில் இரண்டாவது வரி. முதல் வரி வேறு. தேதிக்கு முன் வெட்டிய இடத்தைப் பதினைந்து நாளுக்குள் உழுது, அரசு தரும் பூச்செடி விதையைப் போட வேண்டும், தவறினால் திட்டத்திலிருந்து நீக்கப்படுவார். முட்டை பொரிய இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. உழுதால் முட்டை போகும், உழாவிட்டால் அவர் போவார். உன் சித்தப்பா நோட்டீசுக்கு நடுங்குகிற மனுஷன், உனக்குத் தெரியும், நூலகப் புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்ததற்கே இரண்டு முறை மன்னிப்புக் கேட்டவர். உனக்குச் சங்கடம் ஆகுமென்று உன்னிடம் போனில்கூடச் சொல்லாமல் ஆபீசுக்கு ஓடினார். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு "என் யோசனைதான் சார், களை அதிகமா இருந்துச்சு" என்றாராம். என் பெயரை வாய் திறந்து சொல்லவில்லை. அவர்கள் அந்தப் புகாரின் நகலை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உன் சித்தி அதை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து, எந்தப் பாவி எழுதினானோ அக்கா, பார் என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கிப் படித்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "ஆள்காட்டி ஓடையோரம் மட்டும் இருக்குன்னு நினைச்சேன், நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. மாத்திரையைக்கூட மேசையில் வைத்துவிட்டு விரலால் தட்டிக் காட்டினாள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது காலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உன் சித்தப்பா கலப்பையை மாட்டிக்கொண்டு ஓடையோரத்தை நோக்கித் திருப்புகிறார், இரண்டு பறவையும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி அலறுகின்றன. நான் முன்னால் போய் நின்றேன். "நகருங்கண்ணே, மனசைக் கல்லாக்கிக்கிட்டு வந்திருக்கேன், நின்னா முடியாது" என்றார். "எஞ்சினை நிறுத்து தம்பி" என்றேன். "நாளன்னைக்கு வந்து பார்ப்பாங்கண்ணே." "அந்தக் கடுதாசியை எழுதினது நான்தான்" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று கையால் கேட்டார். பாப்பா, ஒரு தடவை சொல்வதற்கே நாக்கு எழவில்லை, அதைக் கத்தி இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது. எஞ்சின் நின்றது. அவர் இறங்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டு அவரை நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், "வெட்டச் சொன்னது நீங்க. வெட்டிட்டான்னு எழுதினது நீங்க. இப்ப உழாதேன்னு வந்து நிக்கிறதும் நீங்க. என் வயல்ல எனக்குத் தோணினதை நான் எப்பத்தாண்ணே செய்யறது?" ஏன் எழுதினீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை, கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கடைசியில் கீழே இறங்கி, "சரி, ஆபீசுக்கு வாங்க, இதை அங்க வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனோம்.

மாவட்ட அதிகாரி நல்ல மனிதர்தான், மேசைக் கண்ணாடிக்கு அடியில் தன் குழந்தைகள் வரைந்த படத்தை வைத்திருக்கிறார். கணக்கெடுக்கும் பெண்ணும் அங்கேதான் இருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "தேதிக்கு முன்னாடி வெட்டினா உழுது விதைக்கணும், அது இருக்கு. அங்க முட்டை இருந்தா என்ன பண்றதுன்னு இல்லையே ஐயா" என்றார். அந்தப் பெண், "பறவைக்காகப் போட்ட விதியை வச்சே பறவையை உழுதுடலாமா சார்" என்று கேட்டாள். "எனக்கு மட்டும் ஆசையாம்மா, நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. மேல விளக்கம் கேட்டு எழுதினா பதில் வர்ற வரைக்கும் நிறுத்தலாம். ஆனா அனுப்பினா முழு ஃபைலும் போகும், புகார், எழுதினவர் வாக்குமூலம், எல்லாம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "உங்க பொண்ணு அங்கதானே இருக்காங்க" என்றும் கேட்டார். ஆமாம் என்றேன். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில், போனால் நான்கு முட்டைதானே என்றுகூட நினைத்தேன். உன் சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி எழுதினேன். புகார் எழுதியது நான், வெட்டச் சொன்னதும் நான், காரணம் என் பயறும் என் பொறாமையும். பொறாமை என்ற சொல்லை வாக்குமூலத்தில் எழுத வேண்டாமே ஐயா என்று அதிகாரி சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

மூன்று முட்டை பொரிந்தது, ஒன்று கூமுட்டை. பொரிந்த அன்றைக்கே குஞ்சுகள் எழுந்து தாய் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டன, பஞ்சுருண்டைக்குக் குச்சிக் கால் வைத்தது மாதிரி. என் பக்கம் ஒன்றாவது வராதா என்று வரப்பில் நின்று பார்த்தேன், மூன்றும் ஓடைப்பக்கமே போயின, அந்தப் பெண் உன் சித்தப்பா கணக்கிலேயே எழுதிக்கொண்டாள், நான் எட்டிப் பார்த்தேன். போகட்டும். நீ பெரிய படிப்புப் படித்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வயலில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தேதியை எடுத்துவிடாதே, தேதி இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் பூ வரும் முன்னே வெட்டித் தள்ளிவிடுவான். ஆனால் உயரப் புல்லில் கூடு கட்டுவதற்கும் மொட்டைத் தரையில் முட்டையிடுவதற்கும் ஒரே தேதி சரிப்படாது. வயலை நடந்து பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு, இந்த ஓரத்தை வெட்டலாம், இந்த ஓரத்தைத் தொடாதே என்று சொல்ல ஓர் அதிகாரம் கொடுங்கள். முட்டை இருக்கும் இடத்தை யாரும் உழச் சொல்லக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். களை பறந்து அடுத்தவன் பயிர் கெட்டால் அதற்கும் ஒரு வழி எழுதுங்கள், பயிர் கெட்டவன் பறவையைத்தான் திட்டுவான். விவசாயியை முழுக்க நம்பவும் வேண்டாம், முழுக்கச் சந்தேகப்படவும் வேண்டாம். இதற்கு உன் அப்பாவே சாட்சி. இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்த ஃபைல் உன் மேசைக்கு வந்தால் நீ அதில் ஒரு சுழி கூடப் போடாதே. இது என் அப்பா, அது என் சித்தப்பா என்று மேலதிகாரியிடம் சொல்லி வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடு. எனக்குச் சாதகமாகவும் வேண்டாம், அவருக்குச் சாதகமாகவும் வேண்டாம். உனக்கு அங்கே என்னால் தலைகுனிவு வந்தால், அதற்காக என்னைத் திட்டி எழுது, படித்துக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா மூன்று வாரம் நம் வீட்டுப் படி ஏறவில்லை. நேற்றுச் சாயங்காலம் கையில் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள வரப்பை ஆளுக்கு நான்கடி விட்டு அகலமாக்கினால் ஓடையிலிருந்து சாலையோரம் வரை உயிர்கள் போய்வர ஒரு வழி ஆகும், உங்கள் திட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறதாம், இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டியிருப்பதால் இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உட்காரு தம்பி என்றேன், உட்காரவில்லை. பாரத்தில் முதல் விண்ணப்பதாரர், இரண்டாம் விண்ணப்பதாரர் என்று இரண்டு கோடு. "உங்க பேரை முதல்ல போடுங்கண்ணே, இல்லன்னா இதுக்கும் ஒரு கடுதாசி போயிடும்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சமையலறையில் உன் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து ஒரு மாதம் ஆகிறது. நான் பாரத்தை வாங்கி முதல் கோட்டில் அவர் பெயரை எழுதினேன், இரண்டாவதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாரம் இப்போதும் மேசைமேல்தான் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக இருக்கும் என் பெயரைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது பாப்பா. எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக நீ இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஃபைல் விஷயத்தில் நான் சொன்னதை மறந்துவிடாதே. அம்மா தனியாக எழுதுகிறாளாம், அதில் என்னைப் பற்றி இருப்பது எல்லாம் உண்மைதான்.

என்றும் உன் நினைவோடு,
உன் அப்பா